மாணவர்க்கு இடும் விருந்து: தானமா, கடனா?

அன்னம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். அளிக்கும் முறை, அளிக்கும் பொருள், அளிப்பவர், பெறுபவர் ஆகிய நான்கினாலும் தானத்தின் சிறப்பு வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் உணர்த்துகின்றது. பெறுபவருள் முனிவர் தலையாய பாத்திரம் ஆவர். வறியோர்க்கும் பிணியுற்றோர்க்கும் இடுவது கருணையால் இடுவதாகும். இவ்விரு வகையிலும் அடங்காத ஒருவர் நம் வாயிலுக்கு வந்தால், அவருக்கு இடும் உணவை எந்த அறத்துள் சேர்ப்பது? ஊர் விட்டு வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவரே அத்தகையவர். அவர் துறவியும் அல்லர், இரவலரும் அல்லர்.

இது வெறும் ஏட்டு வினா அன்று. அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1968ஆம் ஆண்டு ஒரு நல்வழக்கம் தோன்றியது. அங்குப் பயின்று வெளியேறியோர், இப்பொழுது பயிலும் மாணவர் சிலரைத் தம் இல்லத்துக்கு அழைத்து விருந்திடுவர். 'பன்னிரு அயலார்க்கு விருந்து' என்னும் பொருளில் அதற்குப் பெயரிட்டனர். ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்கள் உடனமர்ந்து உண்டு உரையாடுவதே அதன் நோக்கம்.

இதனை நம் சிதம்பரத்தோடு பொருத்திப் பார்ப்போம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920ஆம் ஆண்டு இங்கு மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. மாணவர் உடனுறைந்து பயிலும் கழகமாகவே அது அமைந்தது. 2013இல் அதன் நிர்வாகம் தமிழக அரசின் பொறுப்பில் வந்தபின்னரும் அண்ணாமலை நகர் விடுதி மாணவர் ஊராகவே இருக்கின்றது. அங்குப் பயின்றோர் பலர் சிதம்பரத்திலும் கடலூரிலும் குடும்பத்தோடு வாழ்கின்றனர். அவர்கள் ஆண்டில் ஓரிரு நாளேனும் மாணவர் சிலரை அழைத்து விருந்திட்டால் என்ன?

"முன்பு இருந்த வாரச் சாப்பாடுதானே இது?" எனச் சிலர் கேட்கலாம். வறிய மாணவன் கிழமைக்கு ஒரு வீடாகச் சென்று உண்டு பயின்ற காலம் ஒன்று இருந்தது. அதனால் கற்று உயர்ந்தோர் பலர். ஆயினும் அம்முறையில் ஒரு குறை இருந்தது. சோற்றோடு சேர்த்துத் தன் தாழ்நிலையையும் அம்மாணவன் நாள்தோறும் உண்ண நேர்ந்தது. இடுபவர் மேலும் பெறுபவர் கீழுமாக நின்றனர். சாதி எல்லைக்குள்ளேயே பெரிதும் அது நடந்தது என்பதும் மறைக்கத்தக்கதன்று.

இதே மாவட்டத்தின் வடலூரில் 1867ஆம் ஆண்டு வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலை, எவரென்று கேளாமல் பசித்தவர்க்கு உணவிடுகின்றது. அது பசி நீக்கும் பேரறம். விடுதி மாணவரின் நிலையோ வேறு. அவருக்கு வயிறு நிரம்பச் சோறு விடுதியிலேயே கிடைக்கின்றது. கிடைக்காதது ஒரு வீடு, பெயர் சொல்லி அழைக்கும் ஒரு பெரியவர், 'போதுமா?' என்று கேட்கும் ஒரு தாய்.

திருவள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாகவும் ஈகையை இருபத்து மூன்றாம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தது ஈண்டு எண்ணத்தக்கது. ஈகை இல்லாதவர்க்குச் செய்வது. விருந்தோம்பல் புதியவர்க்குச் செய்வது. விருந்து என்னும் சொல்லுக்கே புதுமை என்பது பொருள். ஆகவே மாணவர்க்கு அளிப்பதை ஈகை என்று கருதாமல் விருந்து என்று கருதுதல் வேண்டும்.

அழைக்கும் பழைய மாணவருக்கோ அது கடனும் ஆகும். தாம் பயின்றபோது எவரெவரோ அளித்த நன்மையை அவர் பெற்றிருக்கின்றார். அளித்தோர் பலர் இன்று இல்லை. திருப்பித் தர இயலாத அக்கடனை அடுத்து வருவோர்க்குச் செலுத்துவதே வழி. 1887இல் வெளிவந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்கு, கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சமண இல்லறத்தார் தம் இல்லக் கதவைத் திறந்து ஐயம் தீர்த்ததும் துணையாயிற்று. பெற்றவர் அவர்கள் சமயத்தைச் சாராத உ.வே. சாமிநாதையர். அவரே பின்னாளில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்து மாணவர்க்குக் கற்பித்தார். ஓரிடத்தில் பெற்றது வேறோரிடத்தில் சென்று பயன்பட்டது.

இனி நம் இல்லங்களுக்கே உரிய ஓர் இடர்ப்பாடு உண்டு. விருந்து என்றால் இரவு உணவு என்று கொள்வதே இன்றைய வழக்கு. மாணவர் ஆய்வுக்கூடம் முடிந்து வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; கார்த்திகையில் ஆறு மணிக்கு முன்பே கதிரவன் மறைகின்றான். வருபவர்க்காக இரவு உண்ணாமையைத் தளர்த்தலாமா? அன்றி, விரதத்தைக் காரணம் காட்டி அழையாமலே இருந்துவிடலாமா?

இரண்டும் பொருந்தா. நாணத்தால் விரதத்தைக் கைவிடுபவர் விருந்தினரை உயர்த்தவில்லை; தம்மைத் தாழ்த்திக்கொள்கின்றார். விரதத்தைச் சொல்லி வந்தவரைக் குறுகச் செய்பவரோ, அகிம்சையின் பெயரால் மனத்தைப் புண்படுத்துகின்றார். விரதம் நாமாக ஏற்றது. அதன் சுமையும் நம்முடையதே. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அழைப்பதும், காலத்தை முன்னரே தெளிவாகக் கூறுவதும் நம் பொறுப்பு. கிழங்கும் பூண்டும் இல்லாத நம் சமையல் அன்போடு பரிமாறப்பட்டால் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கேட்டால் சொல்லலாம், கேளாதவர்க்கு உபதேசம் வேண்டாம்.

"நம் பிள்ளைகளை மட்டும் அழைத்தால் போதாதா?" என்பது மற்றொரு வினா. விடுதியில் இருட்டியபின் பரிமாறும் உணவை மறுத்து, பழமும் பாலும் முன்னரே உண்டு படுக்கும் நம் பிள்ளையை முதலில் நினைப்பது இயல்பே. ஆனால் உறவினரை உண்பிப்பது உறவு. புதியவரை உண்பிப்பதே விருந்து. நம் பிள்ளையோடு அவன் அறைத்தோழரும் வந்து உண்டால், அவன் ஏன் இரவில் உண்பதில்லை என்பது அவர்களுக்கு வாதமின்றியே விளங்கும். பின்னர் விடுதியில் அவன் தனித்து நிற்க மாட்டான்.

அழைப்போர் காக்க வேண்டிய வரம்புகளும் சில உண்டு. வந்தவரிடம் சாதியும் தந்தையின் வருவாயும் வினவுதல் ஆகாது. மதிப்பெண் கேட்டுப் பிறரோடு ஒப்பிடுதல் கூடாது. தம் வெற்றிக் கதைகளை நீட்டி முழக்காமல், அவர்கள் பேசுவதைச் செவிமடுத்தல் நன்று. ஒரு நாள் உணவிட்டதற்காக வாழ்நாள் நன்றியை எதிர்நோக்குபவர், கொடுத்ததைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்கின்றார்.

ஆகவே, மாணவர்க்கு இடும் அன்னம் பெறுபவர்க்கு விருந்து, இடுபவர்க்குக் கடன். இதனைத் தானம் என்று எண்ணிப் பெருமிதம் கொள்ளாதபோதுதான் அது தானத்தின் தூய்மையையும் அடையும். வரும் கல்வியாண்டில் ஒரு ஞாயிறு நண்பகலில் நான்கு இலைகள் கூடுதலாக இடுவது நம்மில் எவர்க்கும் அரிதன்று.