பழைய கோட்டும் புதிய உத்தியோகமும்

லண்டன் மாநகரில் உடை வடிவமைக்கும் கலையைப் பயிலும் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். தர்ம ஸ்தாபனங்கள் நடத்தும் கடைகளில், பிறர் உடுத்துக் கழித்த கோட்டுகளைத் தேடி வாங்குவதில் அவளுக்கு அளவற்ற ஆனந்தம். படிப்பு முடிந்ததும் பெரிய கம்பெனியொன்றில் அமர்ந்து புதுப்புது உடைகளை வகுக்க வேண்டுமென்பது அவள் ஆசை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா?

பொருந்தாதென்று அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறவேண்டாம். நன்றாகத் தைத்த பழைய கோட்டை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு அப்பால் விரற்கடை துணி விட்டிருக்கும். உடல் பருத்தால் பிரித்துவிடலாம். வளரும் பெண்ணின் பாவாடைக்கு நம் தாய்மார் டக்குப் பிடித்துத் தைத்தார்களே, அதே யோசனைதான். மலிவு உடைகளில் இதற்கு இடமேது? ஆகவே அவளுக்கு அந்தக் கடையும் ஒரு பள்ளிக்கூடமே.

ஆனால், "நான் பழையதைத்தானே வாங்குகிறேன்" என்று மனச்சாட்சியை உறங்கவைக்கலாகாது. பிரிட்டனில் விலைபோகாத பழந்துணிகள் மூட்டை மூட்டையாகக் கானா நாட்டின் அக்ரா நகரிலுள்ள கன்டமான்டோ சந்தைக்குப் போகின்றன. 2025 ஜனவரியில் பெரும்பகுதி தீக்கிரையான பின்னும் அங்கே வியாபாரம் ஓயவில்லை. வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பாராமலே வாங்குகிறார்கள். உள்ளே கந்தலிருந்தால் நஷ்டம் அவர்களுக்கே.

கடையில் அவள் வாங்குவது ஒரு கோட்டு. நாளை அவள் கீறும் கோடோ பல்லாயிரம் உடைகளாகும். உடைக்கு விரற்கடை துணி கூடுதலாக விடவேண்டுமென்று அவள் கேட்டால், முதலாளி செலவைக் கணக்கிட்டுக் காட்டுவார். வேலையோ புதிது, வீட்டு வாடகையோ லண்டன் வாடகை. அவள் வாதாடவேண்டுமா, வாய்மூடவேண்டுமா? உங்கள் மகளே அவ்விடத்தில் இருப்பதாக எண்ணிச் சொல்லுங்கள்.