பயத்துக்குத் தண்டனை தர்மமா?

காலிங் பெல் அடித்ததும் உங்கள் வீட்டு நாய் பாய்ந்து பாய்ந்து குரைக்கிறது. வாசலில் வந்தவர் நடுங்கி நிற்கிறார். 'நாலு அடி போட்டால்தான் அடங்கும்' என்று குச்சியைத் தேடுகிறீர்கள் அல்லவா? ஒரு நிமிடம் பொறுங்கள்!

மகாபாரதத்தின் ஆதி பர்வத்தில் ஒரு சம்பவம். ஜனமேஜய மகாராஜா குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்துகொண்டிருந்தார். அங்கே வந்த ஒரு நாய்க்குட்டியை அவருடைய தம்பிமார்கள் அடித்து விரட்டினார்கள். அது அழுதபடி தாய் சரமையிடம் ஓடியது. ஹவிஸை ஏறிட்டும் பார்க்காத தன் பிள்ளையை அடித்தவர்களை, எதிர்பாராத பயம் வந்து பற்றும் என்று சபித்துவிட்டாள் சரமை.

கொடுத்ததும் பயம், திரும்பி வந்ததும் பயம்!

நாயின் சீற்றத்துக்குள்ளும் பல நேரம் ஒளிந்திருப்பது பயம்தான். வாலை இடுக்குவது, காதைப் பின்னால் மடக்குவது, அடிக்கடி உதட்டை நக்குவது... இவை அதன் அடையாளங்கள். உறுமல் என்பது, 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கை. அடித்தால் உறுமல் நிற்கலாம், பயம் போகாது. அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடித்துவிடக்கூடும். அமெரிக்காவில், விலங்குகளின் நடத்தையை ஆராயும் கால்நடை மருத்துவர்களின் சங்கம், பரிசு கொடுத்துப் பழக்கும் முறையையே பயன்படுத்த வேண்டும் என்று 2021-ல் அறிவித்தது.

அது எப்படி? முதலில், வலியோ நோயோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு, பெல் ஓசையை செல்போனில் பதிவு செய்து, மிக மெல்லிதாக ஒலிக்கவிடுங்கள். ஓசை கேட்டதுமே, பிடித்த தின்பண்டம் ஒரு துண்டு கொடுங்கள். நிதானமாக இருந்தால், மறுநாள் ஒலியைச் சற்றே கூட்டுங்கள், மிரண்டால் குறையுங்கள். அடுத்து, தெரிந்தவர் ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்லி, இதே முறையில் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நெருங்கச் செய்யுங்கள். வாரக்கணக்கில், ஏன், மாதக்கணக்கில்கூட ஆகலாம். கடிக்கும் சுபாவம் உள்ள நாயென்றால், அனுபவமுள்ள பயிற்சியாளரின் துணை அவசியம்.

'குரைக்கிற நாய்க்குப் பரிசா?' என்று தோன்றும். தெரிந்தே செய்த தவறுக்குத் தண்டனை உண்டு. பயப்படுவது தவறா, சொல்லுங்கள்? பயத்தை அதட்டி விரட்ட முடியாது; தைரியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத்தான் முடியும்.

சந்நிதியில் சுவாமியின் உயர்த்திய கரம் என்ன சொல்கிறது? 'பயப்படாதே' என்கிறது. பைரவரின் வாகனமான வாயில்லா ஜீவனுக்கு முன்னால் நம் கை உயரும்போது, அதுவும் அபய ஹஸ்தமாகவே இருக்கட்டுமே!