இரத்தத்தில் எழுதிய நம்பிக்கை அறிக்கை



போன ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாசலில் நின்றுகொண்டிருந்தேன். வயதான அம்மா ஒருவர், எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து அருகில் வந்தார். "சாமி, முன்னெல்லாம் செபமாலையைக் கையில எடுத்தாலே கண்ணு நிறைஞ்சிடும். இப்ப ஒண்ணுமே தோண மாட்டேங்குது. வாய் மட்டும் சொல்லுது. என் விசுவாசம் போயிருச்சா சாமி?" என்று கேட்டார். கணவரை அடக்கம் செய்து இன்னும் ஆறு மாதம் ஆகவில்லை. கையில் அதே செபமாலை. விரல் பட்டுப் பட்டு மணிகள் வழவழத்துக் கறுத்திருந்தன. "போகலைம்மா" என்று மட்டும் அப்போது சொல்ல முடிந்தது. மீதியை இன்று உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அக்டோபர் 1-ஆம் நாள் குழந்தை இயேசுவின் புனித தெரேசாவுக்கு விழா எடுக்கிறோம். சுரூபத்தில் கைநிறைய ரோஜாவும் பாடுபட்ட சிலுவையுமாக நிற்பார். அந்த முகத்தைப் பார்த்து, இவர் எந்நேரமும் விண்ணகத்தை உணர்ந்துகொண்டே இருந்திருப்பார் என்று நினைத்துவிடுகிறோம். நடந்தது வேறு. 1896-இல், பெரிய வியாழன் இரவில், அவருக்கு வாயில் இரத்தம் வந்தது. காசநோய். வயது 23. சீக்கிரமே ஆண்டவரிடம் போகப்போகிறோம் என்று முதலில் மகிழ்ந்தார். சில நாள்களில், பாஸ்கா காலத்திலேயே, உள்ளே இருட்டு கவிந்துவிட்டது. விண்ணகம் என்ற நினைப்பே வேதனையானது. சாவுக்குப் பிறகு ஒன்றுமில்லை என்று உள்ளிருந்து ஒரு குரல் ஏளனம் செய்தது. 1897 செப்டம்பர் 30-இல் கண்மூடும்வரை, ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு, அந்த இருட்டிலேயே இருந்தார்.

அந்த நாள்களில் அவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் பாருங்கள். நம்பிக்கை அறிக்கையைத் தம் இரத்தத்தாலேயே எழுதி, நெஞ்சருகே வைத்திருந்த நற்செய்தி நூலோடு சேர்த்துக்கொண்டார். மடத்தில் கூட இருந்த சகோதரிகளுக்கு அவர் படும் பாடு தெரியாது. விண்ணக மகிழ்ச்சியைப் பற்றி அவர் எழுதிய பாடல்களைப் படித்துவிட்டு, பரவசத்தில் இருக்கிறார் என்றே எண்ணினார்கள். அவரோ, எந்த மகிழ்ச்சியும் எனக்குத் தோன்றவில்லை, நம்ப விரும்புவதைத்தான் பாடுகிறேன் என்று மடத்தின் தலைவிக்கு எழுதினார். இவரைத்தான் 1997-இல் திருஅவை மறைவல்லுநராக அறிவித்தது. அவருடைய பெயரை ஏற்ற கொல்கத்தா அன்னை தெரேசாவும் பல பத்தாண்டுகள் இதே இருட்டில் நடந்தவர். 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தபோதுதான் பலரும் அதை அறிந்தோம்.

விசுவாசம் வேறு, உணர்வு வேறு. அதற்காக உணர்வு கெட்டது என்று நான் சொல்லவில்லை. இலாசரின் கல்லறைக்குப் போகும்போது ஆண்டவரே கண்ணீர் விட்டார். ஆனால் ராத்திரித் தூக்கம் கெட்டாலும், யாரோ ஒரு சொல் சொன்னாலும் மாறிவிடுகிற ஒன்றிடம் வாழ்க்கையின் முடிவுகளை ஒப்படைக்கலாமா? "பூசையில மனசு ஒட்டலை" என்று ஞாயிறு திருப்பலியை விட்டுவிடுகிறோம். "மன்னிக்க மனசு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று கூடப்பிறந்தவர்களோடு வருடக்கணக்கில் பேசாமல் இருக்கிறோம். உள்ளம் வறண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது, செபத்தை இன்னும் கூட்ட வேண்டும் என்று புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் சொல்கிறார். என்னைக் கேட்டால், நம் குடும்பங்களுக்கு இதைவிட உதவுகிற அறிவுரை இல்லை.

அம்மா, நீங்களும் இங்கேதான் இருக்கிறீர்கள். கண்ணீரோடு சொன்ன செபமாலையைவிட, ஒன்றுமே தோன்றாமல், ஆனாலும் விடாமல் நீங்கள் சொல்லும் இந்தச் செபமாலையில்தான் உங்கள் விசுவாசம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

இப்போது நம்பிக்கை அறிக்கை சொல்லப்போகிறோம். இன்றைக்கு அவசரப்படாமல் சொல்வோம். மனம் நிறைந்திருப்பவர்கள் சத்தமாகச் சொல்லுங்கள். மனம் வறண்டிருப்பவர்களும் சத்தமாகவே சொல்லுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு உங்கள் குரல் தேவைப்படலாம்.

எழுந்து நிற்போம்.