விரும்பி ஏற்கும் வனவாசம்

விரும்பி ஏற்கும் துன்பம் துன்பமாகுமா? கொழும்புத்துறைக் கரையில் நின்று, கடனீரேரிக்கு அப்பாலுள்ள பூநகரியை நோக்குவோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு யாழ் நகரத்தாரும் வலிகாமத்தாரும் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பின்னர்ப் பலர் கிளாலியிற் படகேறி, வன்னிக் காடுகளில் தறப்பாளின் கீழ் வாழ்ந்தனர்.

அவர்தம் உறவினர் இன்று அவுஸ்திரேலியாவில் உளர். அவருட் சிலர் விடுமுறையிற் குடும்பத்தோடு கூடாரமும் தண்ணீரும் ஏற்றி, நான்கு சில்லுகளும் இழுக்கும் ஜீப் வண்டியில், கிம்பர்லியின் மலையிடுக்குகளைக் காணச் செல்வர். ஏறத்தாழ 660 கிலோமீற்றர் நீளும் கிப் ஆற்று வீதியிற் பெரும்பகுதி புழுதியே. தப்பி வந்த அல்லலை இவர்கள் காசு கொடுத்து வாங்குவதா எனப் பழிப்பார் உளர். யான் பழியேன். வெயிலும் புழுதியும் இரு சாராருக்கும் ஒன்றே. ஆயின் கூடாரத்துள் உறங்குவோர் திரும்பும் நாளை அறிவர், தறப்பாளின் கீழ்க் கிடந்தோர் அறியார். இராமனுக்குக் காடு ஆணை, சீதைக்கோ தெரிவு. எனினும் பதினான்கு ஆண்டு என்னும் எல்லை இருவர்க்கும் இருந்தது. (எல்லையறிந்த வனவாசம் பாதி வனவாசமே.)

அவ்வீதியின் அயலிலுள்ள விஞ்சானா மலையிடுக்கு இன்று உல்லாசப் பயணிகள் கூடாரமடிக்கும் இடம். 1894இல் புனுபா குடியினரான ஜண்டமரா தம் நிலத்துக்காகப் பொலிசாரோடு பொருத களமும் அதுவே. காயமுற்றுத் தப்பிய அவர், ஆண்டுக்கணக்கிற் குகைகளில் ஒளிந்திருந்து, 1897இற் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கு இரவு தங்கும் தந்தை இக்கதையையும் கிளாலிக் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பேன். விடுமுறையின் மகிழ்ச்சி கெடுமே என்பர். சிறிது கெடலாம்.