புயலுக்கு யார் பொறுப்பு?

நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கில் குளிர்காலம் ஊருக்கு ஊர் மாறும். கடலோர வார்டோவில் ஜனவரி மாதச் சராசரி, உறைநிலைக்கு நான்கைந்து டிகிரிதான் கீழே. வட அட்லாண்டிக் நீரோட்டம் வெதுவெதுப்பைச் சுமந்து வருவதால் துறைமுகம் உறைவதில்லை. உள்நாட்டுக் காரஷோக்கில், பனி மூடிய பள்ளத்தாக்கில் கனத்த குளிர்காற்று வடிய வழியின்றித் தேங்கிவிடும். 1886 ஜனவரி 1 அன்று அங்கே பதிவான மைனஸ் 51.4 டிகிரிதான் இன்றும் நார்வேயின் சாதனை.

ஆனால், வானிலைக்காக மனிதர்களைக் கொளுத்தியது மிதமான கரையோரத்தில்தான்.

1617 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். சூரியனே தலைகாட்டாத பருவம். மீன் பிடிக்கப் போன படகுகள்மீது திடீரென்று புயல் பாய்ந்தது; வார்டோ, கீபெர்க் ஊர்களைச் சேர்ந்த 40 பேர் மூழ்கினார்கள். சூனியத்துக்கு எதிராக டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஆணையிட்டதும் அதே ஆண்டில்தான். 1621இல் விசாரணை தொடங்கியது. கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டு, அதை அவிழ்த்துக் காற்றை ஏவினோம் என்று பெண்களிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஃபின்மார்க்கில் 91 பேர் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டனர். அவர்களில் 77 பேர் பெண்கள்.

கடவுளின் அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது என்று நம்பிய சமூகம் அது. அப்படியானால் புயலும் அவர் அனுமதித்ததுதானே? இந்தச் சிக்கலிலிருந்து தப்ப, சாத்தானும் அவனோடு ஒப்பந்தம் செய்த அண்டை வீட்டுக்காரியும் வசதியாகக் கிடைத்தார்கள். இத்தனைக்கும் 1550லேயே டேனிஷ் மொழியில் அச்சேறிய பைபிளில் யோபுவின் கதை இருந்தது. பெருங்காற்றில் வீடு இடிந்து அவருடைய பத்துப் பிள்ளைகளும் மடிகிறார்கள். நண்பர்கள் வந்து, பாவம் செய்திருப்பாய் என்று நச்சரிக்கிறார்கள். கடைசியில் கடவுள் கோபிப்பது அந்த நண்பர்கள்மீதுதான்.

ஆண்டுதோறும் வரும் கடுங்குளிரை மனிதன் இயற்கை என்று ஏற்றுக்கொள்கிறான். எதிர்பாராமல் வருவதில்தான் எவருடைய கையையோ தேடுகிறான். காரஷோக்கின் குளிருக்குக் கணக்கு இருந்தது, வார்டோவின் புயலுக்கு இல்லை.

இன்று அதற்கும் கணக்கு உண்டு. பனிக்கட்டிப் பரப்பிலிருந்து வரும் குளிர்காற்று வெதுவெதுப்பான கடலைத் தொட்டதும், சில மணி நேரத்தில் 'துருவத் தாழ்வழுத்தம்' எனும் சிறு புயல் உருவாகிவிடும். 1617இன் புயலும் அந்த வகையாக இருந்திருக்கலாம். துறைமுகத்தைத் திறந்துவைத்து ஊருக்குச் சோறு போடும் அதே வெப்பம்தான் இந்தப் புயல்களுக்கும் தீனி. வரத்தைக் கடவுளுக்கும் சாபத்தைச் சூனியக்காரிக்கும் பங்குபோட முடியாதபடி இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

கொல்லப்பட்ட 91 பேருக்கும் 2011இல் வார்டோவின் ஸ்டைல்னெசெட்டில் நினைவிடம் திறக்கப்பட்டது. ஒவ்வொருவர்மீதும் சுமத்தப்பட்ட குற்றம் என்ன என்பதை அங்கே போகிறவர்கள் வாசிக்கலாம்.