பெயர் யாருடையது?

தென்கொரியர்கள் தங்கள் வெகுஜனப் பாட்டை நெடுங்காலம் 'கயோ' என்றே சொல்லிவந்தார்கள். பாட்டு என்பதுதான் அதன் பொருள். ஜப்பானின் 'ஜே-பாப்'பைப் பார்த்து, வெளிச்சந்தைக்காகப் புழக்கத்துக்கு வந்த பெயர் 'கே-பாப்'. வீட்டுக்குள் பாடும்போது அது பாட்டு. விற்கப் போகும்போது அதற்கு நாட்டின் பெயர் தேவைப்படுகிறது.

அந்தப் பெயரைச் சுமக்கும் முகங்களில் பல, இளம்பெண்களுடையவை. பள்ளி வயதிலேயே நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். எடை, உணவு, காதல் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கண்காணிப்பு. குடும்ப மானத்தைப் பெண் உடம்பில் ஏற்றிவைப்பதை நாம் அறிவோம். இங்கே ஏற்றப்படுவது தேசத்தின் மானம்.

2018இல் ரெட் வெல்வெட் குழுவின் ஐரீன், 'கிம் ஜி-யங், பிறப்பு 1982' என்ற நாவலைப் படித்ததாகச் சொன்னார். ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. இதற்காகவே சில ஆண் ரசிகர்கள் அவர் படங்களை எரித்தார்கள், கிழித்தார்கள். 'கே'யைச் சுமக்கலாம், சொந்தமாக ஒரு புத்தகம் படிக்கக் கூடாது!

அப்படியானால் இந்தப் பாட்டை ரசிக்கும் பெண்களும் அந்த ஏற்பாட்டுக்கு உடந்தையா? கேள்வி நியாயமானது. ஆனால் 'ரசிகை' என்றாலே ஏமாந்தவள் என்று முடிவுகட்டுவதும் பழைய அவமதிப்புதான்.

2016 ஜூலையில் சோலில் உள்ள இஹ்வா மகளிர் பல்கலைக்கழக மாணவிகள், நிர்வாகத்தின் ஒரு திட்டத்தை எதிர்த்துக் கட்டடத்துக்குள் அமர்ந்தார்கள். நூற்றுக்கணக்கான போலீசார் உள்ளே வந்தபோது, அவர்கள் கைகோத்துப் பாடியது 2007இல் 'கேர்ள்ஸ் ஜெனரேஷன்' குழு அறிமுகமான பாட்டு. கொரிய மொழியில் அதன் தலைப்புக்கு 'மீண்டும் சந்தித்த உலகம்' என்று பொருள். 2024 டிசம்பரில், ராணுவச் சட்டம் அறிவித்த அதிபரைப் பதவிநீக்கக் கோரிய கூட்டங்களிலும் அதே பாட்டு ஒலித்தது. மெழுகுவர்த்திக்குப் பதில் ரசிகர்களின் ஒளிக்கோல்களை ஏந்தி நின்றவர்களில் பெரும் பங்கினர் இளம்பெண்கள்.

அந்தப் பாட்டு விற்பனைக்காகச் செய்யப்பட்டதுதான். செய்தவர்கள் நினைக்காத பொருளை அதற்குக் கொடுத்தவர்கள், சேர்ந்து பாடிய பெண்கள். அதனால் நிறுவனங்களின் கணக்கு தீர்ந்துவிடாது. பயிற்சி அறையில் பசியோடு ஆடும் சிறுமிக்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும். பாட்டை விட்டுக்கொடுக்காமலே அவளுக்காகவும் பேசலாம். பெயர் வைத்தவர்களுக்கு மட்டுமே பாட்டு சொந்தம் என்று யார் சொன்னது?