வீட்டிற்கும் வீதிக்கும் ஒரே சீலம்



1956ஆம் ஆண்டு நமக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றார். அதே ஆண்டில்தான் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொல்குடிகளைக் காக்கும் சட்டவிதியும் பிறந்தது. முன்னது நெஞ்சில் ஏற்ற சீலம். பின்னது ஏட்டில் எழுதிய சட்டம். நெஞ்சில் சீலம் இல்லாதவிடத்து ஏட்டுச் சட்டம் என்னாகும் என்பதை அத்தீவுகளே நமக்குக் காட்டுகின்றன.

தெற்கு அந்தமானில் ஜிர்காடாங் சாவடியைக் கடந்தால் ஜாரவா மக்களின் காடு. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அவர்கள் 380 பேர். அக்காட்டைப் பிளந்து நெடுஞ்சாலை செல்கின்றது. வண்டியை நிறுத்தலாகாது, படம் எடுத்தலாகாது, உணவு கொடுத்தலாகாது என்பன விதிகள். 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அச்சாலையின் காட்டுப் பகுதிகளை மூட ஆணையிட்டது. அதன் பின்னும் வண்டிகள் ஓடின. 2012 சனவரியில், உணவிற்காக ஜாரவாப் பெண்கள் ஆடுமாறு ஏவப்பட்ட படக்காட்சியை உலகமே கண்டது.

அவ்வழிச் செல்வோர் அனைவரும் கொடியவரோ? அல்லர். தம்முள் முதியோர்க்கு இடம் தருவர், கட்டுச்சோற்றைப் பகிர்ந்துண்பர், தவறிய பணப்பையை எடுத்துக் கொடுப்பர். வண்டியின் சன்னலுக்கு உள்ளே ஒழுக்கம் உண்டு, வெளியே இல்லை. தன் கூட்டத்தார்க்குள் மட்டும் நிலவும் ஒழுக்கம் கள்வரிடத்தும் உண்டென்றும், எல்லார்க்கும் பொதுவான ஒழுக்கமே தம்மம் என்றும் பாபாசாகேப் தமது ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் விளக்கினார்.

இதனை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நம் பாட்டன்மாரைத் தெருவிற்கு வெளியே நிறுத்தியோரும் தம் வீட்டளவில் நல்லவரே. அந்நல்லொழுக்கம் நம் வாயில்வரை வரவில்லை. ஆதலின், அச்சாலையில் நாமும் சன்னலோரம் அமர நேரின், பட்ட வடு நமக்கு நினைவிற்கு வரவேண்டும்.

பஞ்சசீலத்தை அங்கே வைத்துப் பாருங்கள். 1877இல் தட்டம்மை பெரிய அந்தமானியரிடையே பரவிப் பலரை மாய்த்தது. 1999இல் அந்நோய் ஜாரவாக்களையும் தீண்டிற்று. நோயைக் கொண்டு சேர்க்கும் நெருக்கம் கொல்லாமைக்கு மாறு. கேளாது எடுத்த படம், கொடாததைக் கொள்ளுதல். ‘யாம் ஒன்றும் செய்திலோம்’ எனச் சாவடியில் உரைப்பது பொய். மதுவை ஏற்காத கை அதனைப் பிறர்க்கு நீட்டவும் ஆகாது.

காவலர் காண்கையில் ஒன்று, காணாதபோது மற்றொன்று எனில் அது சீலமன்று, அச்சமே. அச்சாலையில் பின்னிருக்கையில் அமர்ந்த குழந்தை நம் கையையே நோக்கியிருக்கும். தாய்தந்தையர் படப்பெட்டியை மூடிவைத்தால், அதற்கு அன்றே அறம் விளங்கிவிடும். வீட்டில் கற்ற அதுவே நாளை அக்குழந்தை வகிக்கும் பதவியிலும் நிற்கும்.

வரும் பௌர்ணமியில் சீலம் ஏற்கும்போது, நம்மவர் அல்லாத ஒருவரை நினைந்து ஏற்போமாக.

நமோ புத்தாய.